டெல்லி கணேஷ்

டெல்லி கணேஷ் (ஆகஸ்ட் 1, 1944 – நவம்பர் 9, 2024) தமிழ்த் திரைப்பட, நாடக, தொலைக்காட்சி நடிகர் ஆவார். இவரது இயற்பெயர் கணேசன். இந்திய வான்படையில் பத்தாண்டுகள் பணியாற்றிய பின் நடிப்புத் துறைக்கு வந்தவர். இயக்குநர் கே. பாலசந்தரின் பட்டினப் பிரவேசம் திரைப்படத்தின் மூலம் திரைக்கு அறிமுகமானார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்துள்ளார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நகைச்சுவையும் குணச்சித்திரமும் கலந்த துணை வேடங்கள் ஆகும். பசி (1979), சிந்து பைரவி (1985), நாயகன் (1987), அபூர்வ சகோதரர்கள் (1989), மைக்கேல் மதன காமராஜன் (1990), அவ்வை சண்முகி (1996), தெனாலி (2000) ஆகியன இவர் நடித்த குறிப்பிடத்தக்க திரைப்படங்கள். இவரது பெயர் தில்லி கணேஷ் எனவும் எழுதப்படுவதுண்டு.

இளமையும் வான்படைப் பணியும்

கணேசன் 1944-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று வல்லநாட்டில் பிறந்தார். தாமிரபரணி ஆற்றின் கரையில் உள்ள இவ்வூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. தென்பாண்டிச் சீமையின் பேச்சு வழக்கு இவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

1964 முதல் 1974 வரை இந்திய வான்படையில் பணிபுரிந்தார். இந்தியா, பாகிஸ்தான் இடையே 1965-இலும் 1971-இலும் நடந்த இரண்டு போர்களும் இப்பத்தாண்டுக் காலத்தினுள் அடங்கும். நிலையான ஊதியம் உடைய அரசுப் பணியை விட்டுவிட்டு, வருவாய் உறுதியில்லாத நாடகத் துறைக்கு வந்தபோது இவருக்கு வயது முப்பது. தமிழ்த் திரையுலகில் கதாநாயகனாக முயல்வோர் பொதுவாகத் தொடங்கும் வயதை அப்போதே இவர் கடந்திருந்தார். இளமை நாயகனாக அல்லாமல் தந்தை, அண்ணன், மாமன், கணக்குப்பிள்ளை, சமையற்காரர் போன்ற வேடங்களிலேயே இவரது திரை வாழ்க்கை அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நாடகத் துறையில்

டெல்லியில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபா என்னும் குழுவில் சேர்ந்து கணேசன் நடிக்கத் தொடங்கினார். நடுவண் அரசு அலுவலகங்களில் பணிபுரிவதற்காகத் தமிழ்நாட்டில் இருந்து சென்று தலைநகரில் குடியேறிய குடும்பங்கள் அங்கே சபாக்களையும் நாடகக் குழுக்களையும் நடத்தி வந்தன. பகலில் அலுவலகமும் மாலையில் ஒத்திகையுமாக இயங்கிய இக்குழுக்கள் முறையான நடிப்புப் பள்ளிகள் அல்ல. எனினும் ஒரே நடிகர் பல வயதினராக நடிப்பது, அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும்படி சொற்களைத் தெளிவாகச் சொல்வது, எதிரே நிற்பவர் வசனத்தை மறந்துவிட்டால் காட்சியைச் சரியாமல் தாங்கிப் பிடிப்பது ஆகிய பயிற்சிகளை இவை அளித்தன.

சென்னைக்கு வந்த பின் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். 1970-களில் சென்னையில் சபா நாடகங்கள் செழிப்பாக நடைபெற்று வந்தன. கே. பாலசந்தர், சோ, மௌலி, விசு, ஒய். ஜி. மகேந்திரன் முதலியோர் நாடக மேடையில் பெற்ற புகழுடன் திரைத்துறையிலும் ஈடுபட்டிருந்தனர் அல்லது ஈடுபடும் நிலையில் இருந்தனர். இந்நாடகங்களில் பெரும் காட்சி அமைப்புகள் குறைவு. நடுத்தரக் குடும்பத்தின் கூடமும் அதில் நடக்கும் உரையாடலுமே பெரும்பாலான நாடகங்களின் களமாக இருந்தன. நகைச்சுவை உடலசைவில் இருந்து அல்லாமல் சொல்லில் இருந்தும், சொல்லுக்கும் மறுமொழிக்கும் இடையே விடப்படும் நேர இடைவெளியில் இருந்தும் பிறந்தது. டெல்லி கணேஷின் திரை நடிப்பில் இந்தச் சபா மேடையின் தடத்தைக் கடைசி வரை காணலாம்.

பெயர்க் காரணம்

தமிழ் நாடக, திரைப்பட உலகில் ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்த அடைமொழி இடுவது வழக்கம். பெரும்பாலும் நடிகருக்குப் புகழ் தந்த வேடமோ படைப்போ அடைமொழியாகும். கல் மனம் என்னும் நாடகத்தில் தேங்காய் வணிகராக நடித்த சீனிவாசன் தேங்காய் சீனிவாசன் ஆனார். மேஜர் சந்திரகாந்த் நாடகத்தில் நடித்த சுந்தர்ராஜன் மேஜர் சுந்தர்ராஜன் ஆனார். வெண்ணிற ஆடை (1965) திரைப்படத்தில் அறிமுகமான மூர்த்தி அப்படத்தின் பெயராலேயே அறியப்பட்டார். கணேசனுக்கோ வேடத்தின் பெயர் அல்லாமல், அவர் நடிக்கத் தொடங்கிய நகரின் பெயர் அடைமொழியாயிற்று. இப்பெயரைச் சூட்டியவர் கே. பாலசந்தர் ஆவார். நெல்லைச் சீமையில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, தமிழ்ப் படங்களிலேயே பெரிதும் நடித்த ஒருவர் வடபுலத்து நகரின் பெயரால் அறியப்பட்டது இவ்வாறே.

திரைப்படத் துறையில்

பட்டினப் பிரவேசம்

விசு எழுதிய பட்டினப் பிரவேசம் என்னும் நாடகத்தைத் தழுவி அதே பெயரில் கே. பாலசந்தர் இயக்கிய திரைப்படம் 1977-இல் வெளிவந்தது. சிற்றூரில் இருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வரும் ஒரு குடும்பம் நகர வாழ்வில் சிதைவதே இதன் கதை. அக்குடும்பத்தின் பிள்ளைகளுள் ஒருவராக டெல்லி கணேஷ் நடித்தார். பின்னாளில் பல மொழிகளில் நடித்த சரத் பாபுவுக்கும் இதுவே தமிழில் முதல் படம் ஆகும். பெயர் பெற்ற நட்சத்திரங்கள் இல்லாமல் மேடை நடிகர்களையும் புதுமுகங்களையும் கொண்டு படம் எடுப்பது பாலசந்தரின் வழக்கம். அவ்வழக்கமே டெல்லி கணேஷுக்குத் திரையின் வாயிலைத் திறந்தது.

பசி

1979-இல் துரை இயக்கத்தில் வெளிவந்த பசி இவரது தொடக்க காலப் படங்களுள் முதன்மையானது. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் குப்பம்மா என்னும் இளம்பெண்ணின் வாழ்வைச் சொல்லும் இப்படத்தில் குப்பம்மாவாக ஷோபாவும், அவளது தந்தையாகிய ரிக்‌ஷா இழுப்பவராக டெல்லி கணேஷும் நடித்தனர். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வறுமையையும் தன்மானத்தையும் ஒருசேரச் சுமக்கும் வேடம் அது. சென்னையின் அடித்தட்டு மக்கள் பேசும் வழக்கு மொழியில் வசனங்கள் அமைந்திருந்தன. சபா நாடகங்களின் நடுத்தர வர்க்கப் பேச்சில் பழகிய ஒரு நடிகருக்கு இது முற்றிலும் வேறான களம் ஆகும்.

பசி அவ்வாண்டின் சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. டெல்லி கணேஷுக்குத் தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகருக்கு என்று தனிப் பிரிவு அப்போது இல்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அப்பிரிவு 1984-ஆம் ஆண்டுத் திரைப்படங்களில் இருந்தே தொடங்கப்பட்டது. ஆகவே பசி வெளிவந்த ஆண்டில் ஒரு துணை வேடம் எவ்வளவு சிறப்பாக நடிக்கப்பட்டிருந்தாலும், நடுவண் அரசின் விருதுப் பட்டியலில் அதற்கென ஓர் இடம் இருக்கவில்லை.

கதாநாயகனாக

1981-இல் வெளியான எங்கம்மா மகாராணி திரைப்படத்தில் டெல்லி கணேஷ் கதாநாயகனாக நடித்தார். எனினும் அவரது திரை வாழ்க்கை அவ்வழியில் தொடரவில்லை. அதன் பின் வந்த நான்கு பத்தாண்டுகளிலும் துணை வேடங்களே அவரது களமாயின. நாயக வேடம் தொடராத நிலையில் பல நடிகர்கள் திரையுலகில் இருந்தே மறைந்து போவதுண்டு. டெல்லி கணேஷோ தமிழ்த் திரையுலகில் ஓய்வின்றி அழைக்கப்பட்ட நடிகர்களுள் ஒருவராக விளங்கினார்.

சிந்து பைரவி

கே. பாலசந்தர் இயக்கிய சிந்து பைரவி (1985) கருநாடக இசைப் பாடகர் ஒருவரின் வாழ்வைப் பற்றியது. பாடகர் ஜே. கே. பாலகணபதியாகச் சிவகுமாரும், அவருக்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தியாக டெல்லி கணேஷும் நடித்தனர். குருமூர்த்தி சிறந்த கலைஞர், ஆனால் குடிப்பழக்கம் உடையவர். கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்ததற்காகப் பாடகர் அவரை வெளியேற்றி, மிருதங்கம் இல்லாமலேயே பாடி முடிக்கிறார். பின்னர் அதே பாடகர் குடிக்கு அடிமையாகிறார்.

கதையமைப்பில் குருமூர்த்தி பாத்திரத்துக்கு இருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. முதலில் அவர் நகைச்சுவைக்கு உரியவராகத் தோன்றுகிறார். ஆனால் தலைமைப் பாத்திரத்தின் வீழ்ச்சியை முன்கூட்டியே காட்டும் கண்ணாடியாகவும் அவர் அமைகிறார். குருமூர்த்தி வெறும் கேலிப் பொருளாகிவிட்டால் பாடகரின் பிற்கால வீழ்ச்சிக்கு எடை இருக்காது. ஆகவே குடிகாரரின் தள்ளாட்டத்தினூடே ஒரு வித்துவானின் வெட்கத்தையும் காட்ட வேண்டிய பொறுப்பு நடிகருக்கு இருந்தது. இப்படத்தில் கஜபதியாக நடித்த ஜனகராஜின் நகைச்சுவை வெளிப்படையானது. டெல்லி கணேஷின் நகைச்சுவை அடங்கியது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வதைக் காணலாம்.

நாயகன்

மணிரத்னம் இயக்கி 1987-இல் வெளிவந்த நாயகன், பம்பாயின் தாராவியில் வாழும் தமிழர்களின் தலைவனாக உயரும் வேலு நாயக்கரின் கதை. டைம் இதழ் 2005-இல் வெளியிட்ட சிறந்த நூறு திரைப்படங்களின் பட்டியலில் இப்படம் இடம்பெற்றது. வேலு நாயக்கராகக் கமல்ஹாசன் நடித்தார். நாயக்கருக்கு இந்தி தெரியாது. அவருக்கும் பம்பாயின் இந்தி பேசும் உலகத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பவராக டெல்லி கணேஷ் ஏற்ற ஐயர் என்னும் பாத்திரம் அமைந்திருந்தது.

மொழிபெயர்ப்பாளரின் வேடம் நடிப்புக்குச் சிக்கலானது. அவர் பேசும் சொற்கள் அவருடையவை அல்ல. கேட்பவர் பார்ப்பதோ அவரை அல்ல, அவர் பின்னால் இருப்பவரை. கடுமையான சொற்களை அவற்றின் உரிமையாளர் அமைதியாகச் சொல்லிவிடுவார். அவற்றை எதிரியின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லும் இடர் மொழிபெயர்ப்பாளருடையது. அந்தத் தயக்கத்தையும் அச்சத்தையும் மீறி நிற்கும் விசுவாசத்தையும் டெல்லி கணேஷ் மிகக் குறைந்த அசைவுகளால் வெளிப்படுத்தினார். இறுக்கமான காட்சிகளின் நடுவே மெல்லிய நகைச்சுவை வந்து சேர்வதும், அது காட்சியின் அச்சத்தைக் குறைக்காமல் இருப்பதும் இந்த அடக்கத்தினாலேயே ஆகும்.

எதிர்மறை வேடம்

சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அபூர்வ சகோதரர்கள் (1989) திரைப்படத்தில் பிரான்சிஸ் அன்பரசு என்னும் எதிர்நாயகனாக டெல்லி கணேஷ் நடித்தார். நேர்மையான காவல் அதிகாரியைக் கொன்ற நால்வருள் ஒருவர் இப்பாத்திரம். மற்ற மூவராக நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகியோர் நடித்தனர். பல ஆண்டுகள் நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட நாகேஷும், நல்லவராகவே பெரும்பாலும் தோன்றிய டெல்லி கணேஷும் கொடியவர்களாக வந்தது பார்வையாளரின் எதிர்பார்ப்பைப் புரட்டியது. பழகிய முகங்களில் கொடுமையைக் காணும்போது அச்சம் கூடுகிறது என்பதை இப்படத்தின் நடிகர் தேர்வு காட்டுகிறது.

நகைச்சுவைக் குணச்சித்திர வேடங்கள்

மைக்கேல் மதன காமராஜன்

1990-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்த மைக்கேல் மதன காமராஜன் திரைப்படத்தைச் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கினார். கிரேசி மோகன் வசனம் எழுதினார். குழந்தைப் பருவத்தில் பிரிந்துபோன நான்கு சகோதரர்களாகக் கமல்ஹாசன் நான்கு வேடங்களில் நடித்தார். அவர்களுள் சமையற்காரராகிய காமேஸ்வரனை எடுத்து வளர்க்கும் பாலக்காடு மணி ஐயர் வேடம் டெல்லி கணேஷுக்குக் கிடைத்தது. இவரது வேடங்களுள் மக்களிடையே மிகவும் புகழ்பெற்றது இதுவேயாகும்.

கேரள எல்லையில் உள்ள பாலக்காட்டுப் பகுதியில் வாழும் தமிழ்ப் பிராமணரின் பேச்சு, மலையாள ஓசையும் சில மலையாளச் சொற்களும் கலந்த தனி வழக்கு ஆகும். தந்தையாகவும் வளர்ப்பு மகனாகவும் வரும் இருவரும் அவ்வழக்கை ஒரே இழைபோலப் பேசினால்தான் குடும்பம் என்ற நம்பிக்கை பிறக்கும். திருமண விருந்துக்கான சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சி தமிழ்த் திரையின் புகழ்பெற்ற நகைச்சுவைக் காட்சிகளுள் ஒன்று. சைவச் சமையல் செய்பவருக்கு அது வேடிக்கை அல்ல. தொழிலும் ஆசாரமும் மானமும் ஒரே கணத்தில் கவிழும் பேரிடர். அக்காட்சியில் டெல்லி கணேஷ் சிரிக்க வைக்க முயல்வதே இல்லை. பாத்திரத்தின் கலக்கத்தை முழு உண்மையுடன் காட்டுகிறார். பார்வையாளர் சிரிப்பது அதனால்தான்.

ஆஹா

சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ஆஹா (1997) திரைப்படத்தில் நாயகியின் தந்தையாகிய சமையற்காரராக நடித்தார். வசதி படைத்த வீட்டின் மகன் சமையற்காரரின் மகளை விரும்புவது கதையின் முக்கியச் சிக்கல். மணி ஐயரும் இத்தந்தையும் ஒரே தொழிலைச் செய்பவர்கள் எனினும் முற்றிலும் வேறானவர்கள். முன்னவரின் பதற்றம் நகைச்சுவையாகிறது. பின்னவரிடம் செல்வந்தர் முன் நிற்கும் எளியவரின் கூச்சம் மேலோங்கி நிற்கிறது.

அவ்வை சண்முகி

கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய அவ்வை சண்முகி (1996) திரைப்படத்தில் செல்வந்தரான விசுவநாத ஐயராக ஜெமினி கணேசன் நடித்தார். அவரது செயலாளர் சேதுராம ஐயராக டெல்லி கணேஷ் நடித்தார். கமல்ஹாசன், நாகேஷ், மணிவண்ணன், நாசர் எனப் பல தேர்ந்த நடிகர்கள் ஒரே வீட்டினுள் மோதிக்கொள்ளும் கதை இது. இத்தகைய ஆள்மாறாட்டக் கதைகளில் ஒவ்வொருவருக்கும் எது தெரியும், எது தெரியாது என்பதே நகைச்சுவையின் அச்சாணி. வேடங்கள் பெருகும்போது குழப்பம் வாராமல் காப்பது துணை நடிகரின் முகபாவமே ஆகும்.

தெனாலி

கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய தெனாலி (2000) திரைப்படத்தில் மனநல மருத்துவர் பஞ்சபூதமாக நடித்தார். எதைக் கண்டாலும் அஞ்சும் இலங்கைத் தமிழரான தெனாலியாகக் கமல்ஹாசனும், புகழ்பெற்ற மருத்துவர் கைலாஷாக ஜெயராமும் நடித்தனர். சக மருத்துவரின் புகழைப் பொறுக்க முடியாமல் அவருக்குத் தொல்லை கொடுப்பதற்காகவே தெனாலியை அவரிடம் அனுப்பிவைப்பவர் பஞ்சபூதம். பொறாமையை வில்லத்தனமாக்காமல் சிறுபிள்ளைத்தனமாக்கிக் காட்டியது இவ்வேடத்தின் சிறப்பு.

பிற வேடங்கள்

இரஜினிகாந்தின் நூறாவது படமான ஸ்ரீ ராகவேந்திரர் (1985) திரைப்படத்தில் அப்பண்ணாச்சாரியாராக நடித்தார். ஹரி இயக்கிய சாமி (2003) திரைப்படத்தில் திரிஷா ஏற்ற நாயகி வேடத்தின் தந்தையாக நடித்தார். இக்கதை திருநெல்வேலியில் நிகழ்கிறது. பி. எஸ். மித்ரன் இயக்கிய இரும்புத்திரை (2018) திரைப்படத்தில், கடன்களால் குடும்பத்தைத் துன்பத்தில் ஆழ்த்திய தந்தையாக நடித்தார். மகனின் வெறுப்பும் தந்தையின் குற்ற உணர்வும் மோதும் இவ்வேடம், அவரது முதுமைக் காலத்தில் அவருக்குக் கிடைத்த கனமான வேடங்களுள் ஒன்று.

நடிப்பு முறை

தமிழ்த் திரையில் நகைச்சுவை நடிகர் என்றும் குணச்சித்திர நடிகர் என்றும் இரு வகையினரைப் பிரித்துச் சொல்வர். நகைச்சுவை நடிகருக்குப் பெரும்பாலும் தனிக் காட்சிகள் உண்டு. அவற்றை வெட்டி எடுத்தாலும் கதை நகரும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காலம் முதலே நகைச்சுவைக் காட்சிகளைத் தனியாக எழுதிப் படத்தில் சேர்க்கும் முறை இருந்து வந்துள்ளது. குணச்சித்திர நடிகரின் நகைச்சுவையோ கதையினுள்ளேயே இருக்கும். அவரை நீக்கினால் கதை நின்றுவிடும். டி. எஸ். பாலையா, வி. கே. ராமசாமி, பூர்ணம் விசுவநாதன் ஆகியோர் இவ்வழியில் வந்தவர்கள். டெல்லி கணேஷும் இம்மரபைச் சேர்ந்தவரே.

இவரது நடிப்பின் இயல்புகளாகக் கீழ்க்காண்பவற்றைக் கூறலாம்.

* எதிர்வினை நடிப்பு: வசனம் பேசுபவரை விடக் கேட்பவரின் முகத்தில் நகைச்சுவையை நிலைநிறுத்துதல். ஒரே நடிகர் பல வேடங்களில் தோன்றும் படங்களில் இது இன்றியமையாதது.
* வழக்கு மொழித் தேர்ச்சி: சென்னை வழக்கு, பாலக்காட்டுத் தமிழ், பிராமணர் பேச்சு, நெல்லை வழக்கு ஆகியவற்றை ஒன்றோடொன்று கலவாமல் பேசுதல்.
* மிகை தவிர்த்தல்: கோணல் முகமோ உரத்த குரலோ இன்றி, பாத்திரத்தின் கவலையை உண்மையென நம்பி நடித்தல்.
* இடம் விடுதல்: முதன்மை நடிகரின் காட்சியில் தன்னை முன்னிறுத்தாமல், தேவைப்படும் கணத்தில் மட்டும் பார்வையாளரின் கவனத்தை ஈர்த்தல்.

ஒரே வகை வேடங்களில் திரும்பத் திரும்ப அழைக்கப்படுவது துணை நடிகர் பலருக்கும் நேரும் நிலை. டெல்லி கணேஷும் ஐயர், தந்தை, செயலாளர், சமையற்காரர் ஆகிய வட்டத்தினுள் மிகுதியாக அழைக்கப்பட்டார். பசியில் வந்த ரிக்‌ஷாக்காரர் போன்ற வேடங்கள் அவருக்குப் பின்னாளில் அரிதாகவே வாய்த்தன. ஆயினும் ஒரே வட்டத்தினுள்ளும் ஒவ்வொருவரையும் தனி மனிதராக ஆக்கியது அவரது சாதனை எனலாம். நாயகனில் வரும் ஐயரையும் மைக்கேல் மதன காமராஜனில் வரும் ஐயரையும் சேதுராம ஐயரையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம்.

கமல்ஹாசனுடன்

கமல்ஹாசன் நடித்த பல படங்களில் நாகேஷ், டெல்லி கணேஷ், சந்தான பாரதி, ஆர். எஸ். சிவாஜி, கோவை சரளா முதலியோர் திரும்பத் திரும்ப இடம்பெற்றனர். பழைய நாடகக் கம்பெனிகளில் நடிகர்கள் நிலையான குழுவாக இயங்கி, ஒவ்வொரு நாடகத்திலும் வெவ்வேறு வேடம் ஏற்பர். இக்கூட்டணியும் ஏறத்தாழ அதுபோன்றதே. கிரேசி மோகனின் வசனங்கள் சிலேடையும் விரைவும் நிறைந்தவை. ஒரு சொல்லின் இரட்டைப் பொருள் பார்வையாளருக்கு எட்டும் முன்பே அடுத்த சொல் வந்துவிடும். அவ்வேகத்தில் சொற்கள் சிதையாமல் பேச நாடகப் பயிற்சி உடைய நடிகர்கள் தேவைப்பட்டனர்.

ஆலிவுட் திரையுலகிலும் இதற்கு இணையான நிலை உண்டு. 1940-களில் நகைச்சுவைப் படங்களை இயக்கிய பிரஸ்டன் ஸ்டர்ஜஸ், தம் படங்கள் பலவற்றில் ஒரே துணை நடிகர் குழுவைப் பயன்படுத்தினார். அமெரிக்காவின் ஆஸ்கார் விருதுகளில் துணை நடிகருக்கான பிரிவு 1936-ஆம் ஆண்டுப் படங்களில் இருந்தே வழங்கப்படுகிறது. இந்தியத் தேசிய விருதுகளில் அதற்கு ஒப்பான பிரிவு தோன்ற மேலும் 48 ஆண்டுகள் ஆயின. தமிழில் நாகேஷ் நம்மவர் (1994) திரைப்படத்துக்காகத் துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

பின்னணிக் குரல்

டெல்லி கணேஷ் பிற நடிகர்களுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்துள்ளார். கே. பாலசந்தரின் 47 நாட்கள் (1981) திரைப்படத்தில் தெலுங்கு நடிகர் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் இவரே. வெளிநாட்டில் மனைவியைக் கொடுமைப்படுத்தும் இளம் கணவனின் வேடம் அது. தந்தை வேடங்களில் கேட்டுப் பழகிய குரலே அங்கு இளைஞனின் குரலாக ஒலித்தது. முகம் தெரியாத இப்பணியும் துணை நடிகர்களின் பிழைப்புக்கும் பயிற்சிக்கும் உதவிய ஒன்றாகும்.

தொலைக்காட்சியும் தயாரிப்பும்

திரைப்படங்களுடன் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். கஸ்தூரி, செல்லமே ஆகியவை அவற்றுள் சில. குறும்படங்களிலும் நடித்தார். புதிய இயக்குநர்கள் பலர் குறும்படங்களின் வழியே திரைத்துறைக்கு வரத் தொடங்கிய காலத்தில், முதுபெரும் நடிகர் ஒருவர் அவற்றில் நடிக்க முன்வந்தது இளையோருக்கு ஊக்கமளித்தது.

தம் மகன் மகா கதாநாயகனாக அறிமுகமான என்னுள் ஆயிரம் (2016) திரைப்படத்தை டெல்லி கணேஷ் தயாரித்தார்.

விருதுகள்

* தமிழ்நாடு அரசு திரைப்பட விருது, சிறப்புப் பரிசு – பசி (1979)
* கலைமாமணி விருது – தமிழ்நாடு அரசு (1994)

மறைவு

2024-ஆம் ஆண்டு நவம்பர் 9 அன்று இரவு, சென்னை இராமாவரத்தில் உள்ள தம் இல்லத்தில் டெல்லி கணேஷ் காலமானார். அப்போது அவருக்கு வயது 80. இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி, தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஆகியோரும் திரையுலகினரும் இரங்கல் தெரிவித்தனர். முன்னாள் வான்படை வீரர் என்ற முறையில் இந்திய வான்படையினரும் அவரது உடலுக்கு மரியாதை செலுத்தினர். அவர் வான்படையை விட்டு அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டிலேயே வெளிவந்த அரண்மனை 4, இந்தியன் 2 ஆகியவற்றிலும் அவர் நடித்திருந்தார்.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

* 1977 – பட்டினப் பிரவேசம் – இயக்கம்: கே. பாலசந்தர் – முதல் திரைப்படம்
* 1979 – பசி – இயக்கம்: துரை – குப்பம்மாவின் தந்தை
* 1981 – எங்கம்மா மகாராணி – கதாநாயகன்
* 1985 – ஸ்ரீ ராகவேந்திரர் – அப்பண்ணாச்சாரியார்
* 1985 – சிந்து பைரவி – இயக்கம்: கே. பாலசந்தர் – குருமூர்த்தி
* 1987 – நாயகன் – இயக்கம்: மணிரத்னம் – ஐயர்
* 1989 – அபூர்வ சகோதரர்கள் – இயக்கம்: சிங்கீதம் சீனிவாச ராவ் – பிரான்சிஸ் அன்பரசு
* 1990 – மைக்கேல் மதன காமராஜன் – இயக்கம்: சிங்கீதம் சீனிவாச ராவ் – பாலக்காடு மணி ஐயர்
* 1996 – அவ்வை சண்முகி – இயக்கம்: கே. எஸ். ரவிக்குமார் – சேதுராம ஐயர்
* 1997 – ஆஹா – இயக்கம்: சுரேஷ் கிருஷ்ணா – நாயகியின் தந்தை
* 2000 – தெனாலி – இயக்கம்: கே. எஸ். ரவிக்குமார் – மருத்துவர் பஞ்சபூதம்
* 2003 – சாமி – இயக்கம்: ஹரி – நாயகியின் தந்தை
* 2016 – என்னுள் ஆயிரம் – தயாரிப்பாளர்
* 2018 – இரும்புத்திரை – இயக்கம்: பி. எஸ். மித்ரன் – நாயகனின் தந்தை
* 2024 – அரண்மனை 4
* 2024 – இந்தியன் 2 – இயக்கம்: ஷங்கர்